மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு

போன மாசம் இந்தப் பக்கத்துல கேட்டிருந்தேன், 2020 மார்ச்ல கொரோனா ஆரம்பிச்ச அந்த நாட்கள்ல நீங்க எங்க இருந்தீங்க, மனசுல இன்னும் அடைச்சுக்கிட்டு நிக்கிறது என்னனு எழுதுங்கனு. நோயப் பத்தி நிறைய வரும்னு நினைச்சேன். ஆனா வந்ததுல பாதிக்கு மேல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வெளிய போன கதை, இல்லனா போக முடியாமப் போன கதை. மூணு கடிதம்தான் இங்க எடுத்துக்க முடிஞ்சது, அதுலயும் முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கத்துக்கு மேல போயிடுச்சு. மத்தவங்களுக்கு அடுத்த மாசம் கண்டிப்பா எழுதறேன்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு 2010 மார்ச்ல கல்யாணம். ஊரு மன்னார்குடி பக்கம், கல்யாணமாகி இங்க வந்தவ நான், இப்ப சிங்கப்பூர் சிட்டிசன், விசா இல்லாம இந்தியா போய்வர ஓசிஐ கார்டு வச்சிருக்கேன், புள்ளைங்க ரெண்டும் இங்கயே பொறந்ததுங்க. 2020 எங்க பத்தாவது கல்யாண நாள். அந்த வருஷம் மார்ச் ஸ்கூல் லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போறதா இருந்துச்சு, 13ம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல திருச்சி பிளைட்டு, 21ம் தேதி திரும்பி வர்றது, டிக்கெட் போட்டு அப்பாகிட்ட சொல்லியும் ஆச்சு. பிப்ரவரி கடைசில என் வீட்டுக்காரர், இப்ப வேணாம்மா, கொரோனா இப்டி இருக்கு, ஜூன் லீவுல மூணு வாரமா போயிட்டு வரலாம்னு சொல்லி டிக்கெட்ட மாத்திட்டாரு. நான் ஒரு வாரம் முகத்த தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன், அதப் பாத்துட்டு அதே வெள்ளிக்கிழமைக்கு மரினா பே பக்கம் ஒரு ஹோட்டல்ல ரெண்டு ராத்திரிக்கு ரூம் போட்டாரு, டூரிஸ்ட்டே இல்லாததால பாதி விலை.

புள்ளைங்கள மாமியார்ட்ட விட்டுட்டுப் போனோம். உண்மைய சொல்லிடறேன் அக்கா, எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. பத்து வருஷத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் எங்கயும் போய் தங்கினதே இல்ல. வாசல்ல டெம்பரேச்சர் பாத்து சட்டைல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாங்க, அந்தப் பெரிய சாப்பாட்டு ஹால்ல காலைல எங்களோட சேத்து நாலே மேசைலதான் ஆளு. சனிக்கிழமை ஜன்னல்லேர்ந்து எதிர்ல, உச்சில கப்பல் வச்ச மாதிரி இருக்கற மரினா பே சேண்ட்ஸ் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா 2011ல பெரியவன் பொறந்தப்ப இங்க வந்து, அதுக்குக் கீழ நின்னு கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்தவரு. 19 செகண்ட்ல ஒரு வாய்ஸ் அனுப்பினாரு, "அந்தக் கப்பல் இன்னும் இறங்கலையா பாப்பா, சரி சரி, சந்தோசமா இருங்க, மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு"னு.

ஏப்ரல் 19ம் தேதி அப்பா மாரடைப்புல போயிட்டாரு. 74 வயசு. பிளைட்டே கிடையாது. அண்ணன் சென்னைலேர்ந்து பாஸ் வாங்கிட்டுப் போய் சேர்ந்தான், 20 பேருக்கு மேல நிக்கக்கூடாதுனு சொல்லிட்டாங்களாம். நான் ஈசூன் வீட்ல ரூம் கதவ சாத்திக்கிட்டு வாட்ஸ்அப்ல பாத்தேன். போன பிடிச்சிருந்த பையன் நடுவுல யார்கிட்டயோ பேசத் திரும்பிட்டான், வாய்க்கரிசி போடுற நேரம் எனக்கு ஒரு தென்னை மரந்தான் தெரிஞ்சுச்சு.

அன்னைலேர்ந்து அந்த ஹோட்டல் பேச்ச நாங்க ரெண்டு பேருமே எடுக்கறதில்ல. இப்ப 15வது கல்யாண நாள் வருது, ரெண்டு நாள் எங்கயாச்சும் போலாமானு கேட்டாரு. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுனு தெரியல, "உங்களுக்கு எப்பவும் ஹோட்டல்தான் முக்கியம்"னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை பேசாம பைய எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு. அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தா அப்பாவ ஒரு தடவ பாத்திருப்பேன், கெடுத்தது இவர்தான்னு ஒரு மனசு சொல்லுது, நானுந்தான சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னு இன்னொரு மனசு கூசுது. அந்த வாய்ஸ திரும்ப நான் கேட்டதே இல்ல. நான் என்ன பண்ணணும்?
(பெயர் வேண்டாம், ஈசூன்)

பதில்: தங்கச்சி, அந்தத் தென்னை மரம் எழுதின இடத்துக்கு வந்ததும் நான் கடிதத்த மடிச்சு வச்சுட்டேன். மறுநாள்தான் மிச்சத்தப் படிச்சேன். படிச்சு முடிச்சதும் முதல் வேலையா 2020 காலண்டர எடுத்து வச்சுக்கிட்டேன், ஏன்னா உங்க மனசுல ஓடுற காலண்டர் வேற, அந்த மாசம் நிஜமா நடந்தது வேற, அதப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காம உங்களுக்கு ஆறுதல் சொன்னா அது வெறும் வாய் வார்த்தையாப் போயிடும்.

உங்க மனசுல இருக்கறது இதுதான்: அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி உங்களுக்கு முன்னாடி ரெண்டு வாசல் திறந்திருந்துச்சு, ஒண்ணு சாங்கி ஏர்போர்ட், இன்னொண்ணு ஹோட்டல், அவர் உங்க கையப் பிடிச்சு ஹோட்டல் வாசலுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. அஞ்சு வருஷமா இத வச்சுத்தான் அவரையும் உங்களையும் நிக்க வச்சு விசாரிக்கிறீங்க.

இப்ப இதக் கேளுங்க. மார்ச் 11ம் தேதி புதன்கிழமை ராத்திரி இந்திய அரசாங்கம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஏற்கனவே குடுத்திருந்த விசா, அரசாங்க வேலையா போறவங்க மாதிரி சிலரத் தவிர, ஏப்ரல் 15 வரைக்கும் நிறுத்தி வைக்கிறோம்னு. ஓசிஐ கார்டு வச்சிருக்கவங்க விசா இல்லாம போற வசதியையும் அதே அறிவிப்புல நிறுத்தினாங்க. எப்பலேர்ந்து தெரியுமா? மார்ச் 13ம் தேதி, கிரீன்விச் நேரம் பகல் 12 மணிலேர்ந்து, ஏறுற ஏர்போர்ட்லயே. அது நமக்கு ராத்திரி 8 மணி. நீங்க சொல்ற அதே வெள்ளிக்கிழமை.

உங்க பிளைட்டு 10 மணிக்கு மேல. நீங்க நாலு பேரும் பெட்டியோட சாங்கில போய் நின்னிருந்தா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டையும் ஓசிஐ கார்டையும் பாத்துட்டு கவுண்டர்லயே உங்களத் திருப்பி அனுப்பியிருப்பாங்க. புள்ளைங்களோட டாக்சி பிடிச்சு ஈசூனுக்குத் திரும்பி வந்திருப்பீங்க. அன்னைக்கு ராத்திரி திறந்திருந்தது ஒரே வாசல்தான் தங்கச்சி. நீங்க அதுலதான் போனீங்க.

டிக்கெட்ட பிப்ரவரிலயே மாத்திட்டதால இந்தச் செய்தி உங்க கண்ணுல பட்டிருக்காது, பட்டாலும் நமக்குத்தான் இப்ப பயணம் இல்லையேனு தாண்டிப் போயிருப்பீங்க. அவருக்கும் தெரிஞ்சிருக்காதுனுதான் நினைக்கிறேன். தெரிஞ்சிருந்தா அஞ்சு வருஷத்துல ஒரு சண்டைலயாவது சொல்லியிருப்பாரு. அவரும் தான்தான் உங்க அப்பாவப் பாக்க விடாம பண்ணிட்டோம்னு நம்பிக்கிட்டு, நீங்க சொன்னதுக்கு பதில் இல்லாமத்தான் அந்த மார்க்கெட் பைய எடுத்திருக்காரு.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். ரொம்ப அவசரக் காரணம் இருந்தா இந்தியத் தூதரகத்துல கேக்கலாம்னு அந்த அறிவிப்புலயே ஒரு வழி வச்சிருந்தாங்க. ஆனா மார்ச் 12ல போய் நீங்க என்னனு கேட்டிருப்பீங்க? அப்பா நல்லா இருந்தாரு, கப்பல் இறங்கலையானு விளையாட்டா பேசுற அளவுக்கு இருந்தாரு. சரி, ஒரு வாரம் முன்னாடியே கிளம்பியிருந்தா பாத்திருப்பேனேனு அடுத்து கேப்பீங்க. ஆமா, பாத்திருப்பீங்க. அத இல்லைனு சொல்ல எனக்கு வாய் வராது. அது உங்களுக்கு நடந்த நஷ்டம், அதுக்கு அழுங்க, எத்தனை வருஷம் ஆனாலும் அழுங்க. ஆனா அத ஒருத்தர் செஞ்ச குத்தமா மாத்தி அவர் தலைல வைக்காதீங்க.

அந்த நேரத்துல சிங்கப்பூர்ல இருந்த நம்ம யாருக்கும் என்ன தெரிஞ்சிருந்துச்சு? பிப்ரவரி 7 சாயங்காலம் டோர்ஸ்கான்ங்கற நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுனு சொன்னாங்க, அரிசியும் மேகியும் டாய்லெட் பேப்பரும் ரேக்குல இல்லாம போச்சு, நானே ஒரு அஞ்சு கிலோ மூட்டைய தோள்ல போட்டுக்கிட்டு மூணு புளோக் நடந்தேன். அடுத்த நாள் காலைல தைப்பூசம், அதே ஜனங்க பால்குடம் எடுத்துக்கிட்டு சிராங்கூன் ரோட்ல நடந்தாங்க. பயமும் இருந்துச்சு, பழையபடி வாழ்க்கையும் இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணா. மார்ச் 12 ராத்திரி பிரதமர் லீ சியன் லூங் பேசினப்ப நாம சிவப்புக்குப் போகல, ஊர மூடல, ஆனா இது சீக்கிரம் முடியாதுனு சொன்னாரு. 13ம் தேதி இங்க மொத்த எண்ணிக்கை 200, ஒரு சாவு கூட இல்ல. உடம்பு சரியில்லாதவங்க மட்டும் மாஸ்க் போட்டா போதும்னு சொல்லிக்கிட்டு இருந்த நேரம். அன்னைக்கு ஹோட்டலுக்குப் போனது பொறுப்பில்லாத காரியம் இல்ல.

அதுக்கப்புறம் வந்ததுதான் வெள்ளம் மாதிரி. 16ம் தேதி ராத்திரி மலேசியா எல்லைய மூடப்போறதா சொல்லுது, 20ம் தேதி நள்ளிரவுலேர்ந்து எங்கேர்ந்து வந்தாலும் 14 நாள் வீட்டில் தங்கும் உத்தரவு, 21ம் தேதி இங்க முதல் ரெண்டு மரணம், 22ம் தேதி இந்தியாவுக்கு வர்ற பயணிகள் பிளைட்டெல்லாம் நிறுத்தம், 24ம் தேதி ராத்திரி இந்தியா முழுக்க ஊரடங்குனு அறிவிப்பு, ஏப்ரல் 3ம் தேதி இங்க கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம்னு சொல்லி 7ம் தேதிலேர்ந்து எல்லாரும் வீட்டுக்குள்ள. நீங்க ஹோட்டல்லேர்ந்து வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் ஜூன்ல போலாம்னு சொன்னது சாக்கு இல்ல. அந்த பிப்ரவரில நாம எல்லாருமே ஜூன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். பள்ளிக்கூடம், கல்யாணம், காதுகுத்து, எல்லாத்தையும் ஜூனுக்குத் தள்ளி வச்சோம்.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. நோய் பரவ ஆரம்பிச்சிருந்த ஊர்லேர்ந்து, ஏர்போர்ட்டும் பிளைட்டும் தாண்டி, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு 74 வயசு மனுஷர் வீட்டுக்குப் போறத நினைச்சுத்தான் அவர் டிக்கெட்ட மாத்தியிருக்காரு. அந்த மார்ச் கடைசில தமிழ்நாட்டுல, வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்களே, பக்கத்து வீட்டுக்காரங்க கூட எட்டிப் பாக்கல. அப்பாவுக்கு ஒரு இருமல் வந்திருந்தாலும் அந்தப் பழி யார் மேல விழுந்திருக்கும்?

என் கதை ஒண்ணு சொல்றேன். என் அம்மா பிடோக்ல இருந்தாங்க, என் வீட்லேர்ந்து பஸ்ல பத்து நிமிஷம். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் சாப்பாட்ட கொண்டு போய் கேட்ல மாட்டிட்டு, பெல்ல அடிச்சுட்டு, நான் கீழ இறங்கி கார்பார்க் பக்கம் வந்து நிப்பேன். அம்மா நாலாவது மாடி தாழ்வாரத்துல வந்து நின்னு டிபன் பாக்ஸ தூக்கிக் காட்டுவாங்க, வந்துருச்சுனு. வாய் அசையறது தெரியும், என்ன சொல்றாங்கனு கேக்காது. அப்புறம் ரெண்டு பேரும் போன்ல பேசுவோம், ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டே. பத்து நிமிஷ தூரத்துல இருந்த எனக்கு அம்மாவோட கையப் பிடிக்க ஜூன் ஆச்சு. பக்கத்துல இருந்திருந்தா எல்லாம் சரியா நடந்திருக்கும்னு நீங்க நினைக்கும்போது இதையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.

இப்ப அந்த வாய்ஸுக்கு வர்றேன். கடிதத்துல அத ரெண்டு வரில எழுதிட்டு வேகமா தாண்டிப் போயிட்டீங்க, எனக்கு என்னமோ மொத்தக் கடிதமும் அங்கதான் இருக்கு. நீங்க அப்பாகிட்ட மறைச்சுட்டுப் போகல. போட்டோ அனுப்பினீங்க. மக எங்க இருக்கா, யார்கூட இருக்கா, எப்டி இருக்கானு அவருக்குத் தெரியும், தெரிஞ்சு சந்தோசமா இருங்கனு வாயாரச் சொன்னாரு. அப்பா அனுமதிச்ச சந்தோசத்த நினைச்சு அஞ்சு வருஷமா கூசிக்கிட்டு இருக்கீங்களேம்மா.

அதோட, "மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு"னு ஒரு வேலை குடுத்தாரே. சொன்னீங்களா? கடிதத்துல இல்ல, அதனால சொல்லியிருக்க மாட்டீங்கனுதான் எடுத்துக்கிறேன். உங்க அப்பா விசாரிச்சது இன்னும் அவர் காதுக்குப் போய்ச் சேரல.

அதனால இப்டி செய்யுங்க. முதல்ல இன்னைக்கே அந்த வாய்ஸ பத்திரப்படுத்துங்க, போன் மாத்தினா, பழசு பழுதாயிட்டா போயிடும். அதத் தொட்டு பிடிச்சு அண்ணனுக்கு அனுப்புங்க, ஈமெயில்லயும் ஒண்ணு போட்டு வைங்க, பெரியவன்கிட்ட குடுத்தா ரெண்டு நிமிஷத்துல பண்ணிடுவான். கேக்காமயே பண்ணலாம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி புள்ளைங்க தூங்கினதும் அவரக் கூப்பிட்டு உக்கார வச்சு, ஹோட்டல்தான் முக்கியம்னு நான் சொன்னது தப்புங்கனு முதல்ல சொல்லிடுங்க, அத நீங்க சொல்லித்தான் ஆகணும், அந்த வார்த்தை அவரக் குத்தியிருக்கு. அப்புறம் மார்ச் 13 ராத்திரி 8 மணி கதைய சொல்லுங்க. அவர் முகத்தப் பாருங்க அப்ப. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து அந்த 19 செகண்டக் கேளுங்க.

போறதா வேணாமானு கேட்டீங்க. போங்க. ஆனா அவர் எங்கயாச்சும்னுதான் கேட்டிருக்காரு, அதே ஹோட்டல்னு சொல்லல. எனக்குத் தோணறது, ஏப்ரல்ல அப்பா திதிக்கு ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க, மன்னார்குடில பெரிய கோயிலுக்கும் போயிட்டு வாங்க. கல்யாண நாளுக்கு இங்க ஒரு சாயங்காலம் போதும். பெரியவனையும் சின்னதையும் கூட்டிக்கிட்டு பேஃபிரண்ட் எம்ஆர்டில இறங்கி, தாத்தா நின்ன இடத்துல நின்னு அண்ணாந்து பாருங்க. அவனுக்கு அந்தக் கப்பல் பேச்சு தெரியணும்.

கேள்வி: நாங்க ஜொகூர் பாருல இருக்கோம், வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல டெக்னீஷியன். 2020 மார்ச் 14, சனிக்கிழமை, அவரோட லீவுக்கு நாங்க ரெண்டு பேரும் கரையோரப் பூந்தோட்டம் போயி, தேக்காவுல பிரியாணி சாப்பிட்டு, ராத்திரி அவர் நண்பர் வீட்ல தங்கி, ஞாயித்துக்கிழமை வந்தோம். செவ்வாய்க்கிழமை அவர் ரெண்டு வாரத்துக்கு துணி எடுத்துக்கிட்டு கிளம்பினாரு, நவம்பர்லதான் திரும்பிப் பாத்தேன். இப்ப தினம் வந்து போறாரு, ஆனா ஒரு மணி நேரம் லேட்டானா எனக்கு கை காலெல்லாம் உதறுது. கல்யாண நாளுக்கு அங்க ஒரு ராத்திரி தங்கலாம்னு சொல்றாரு, என்னால முடியாதுனு தோணுது. இது கிறுக்குத்தனமா?

பதில்: கிறுக்குத்தனம் இல்லம்மா. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கிற அந்தப் பாலம் 1924ல திறந்தது, ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம், தினமும் லட்சக்கணக்குல ஜனங்க காய்கறி வாங்கப் போற மாதிரி போயிட்டு வந்துக்கிட்டு இருந்த இடம். அது 18ம் தேதிலேர்ந்து மூடுதுனு 16ம் தேதி ராத்திரிதான் சொன்னாங்க, 17ம் தேதி ராத்திரி தலகாணிய கைல பிடிச்சுக்கிட்டு பாலத்துல நடந்தவங்கள நாம எல்லாரும் பாத்தோம். ரெண்டு வாரம்னு சொன்னது உங்களுக்கு எட்டு மாசம், ரெண்டு வருஷம் ஆனவங்களும் இருக்காங்க. ஆகஸ்ட் 17ல வேலைக்காரங்க போய்வர ஒரு ஏற்பாடு வந்துச்சு, அதுக்கும் ஆயிரம் நிபந்தனை, 2022 ஏப்ரல் 1லதான் பாலம் பழையபடி ஆச்சு. உங்க உடம்பு அந்த ரெண்டு வாரத்த இன்னும் நம்பல, அவ்வளவுதான்.

உடனே ராத்திரி தங்கணும்னு ஒண்ணும் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போயி சாயங்காலம் வந்துடுங்க, ரெண்டு மூணு தடவ அப்டி பண்ணுங்க. பைல உங்க ரெண்டு பேரோட பாஸ்போர்ட்டு, ஒரு வாரத்துக்கு மாத்திர, ரெண்டு செட் துணி, கொஞ்சம் ரிங்கிட், கொஞ்சம் சிங்கப்பூர் டாலர். இது எதுக்குனு அவர் கேட்டா, இது இருந்தாத்தான் எனக்கு தைரியம்னு சொல்லுங்க. அப்புறம் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க, உட்லண்ட்ஸ் பக்கமே, பாலம் கண்ணுல படுற தூரத்துல. தினமும் இந்த உதறலும் தூக்கமில்லாததும் இருந்தா ஒரு டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஜுரத்துக்குப் போற மாதிரிதான் இதுவும்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 68 வயசு, ஜூரோங் வெஸ்ட். ரிட்டயர் ஆனதும் மனைவியோட ரோம், வெனிஸ் போக 2020 மார்ச் கடைசிக்கு பணம் கட்டியிருந்தேன், எல்லாம் ரத்து, பாதிப் பணம்தான் திரும்பி வந்தது, அதுவும் ஒரு வருஷம் அலைஞ்சு. அதுலேர்ந்து எதுக்கும் முன்பணம் கட்டவே கை வரமாட்டேங்குது. அவளுக்கு இப்ப மூட்டு வலி வேற. வெனிஸ் வெனிஸ்னு இன்னும் சொல்றா. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, மார்ச் 9ம் தேதி ராத்திரியே இத்தாலி மொத்த நாட்டையும் மூடறதா அறிவிச்சுட்டாங்க, அதனால போகாதது நீங்க எடுத்த முடிவு கூட இல்ல. பணம் போனது வலிக்கும், கஷ்டப்பட்டு சேத்த காசு.

இந்தத் தடவ மொத்தமா ஒரே இடத்துல கட்டாதீங்க. ஹோட்டல நேரடியா போடுங்க, கடைசி ரெண்டு மூணு நாள் வரைக்கும் ரத்து பண்ணா முழுப் பணமும் திரும்ப வர்ற ரேட்டா பாத்து எடுங்க, நாலு காசு கூடுதலா இருந்தாலும் பரவால்ல. பயணக் காப்புறுதிய டிக்கெட் போட்ட அன்னைக்கே வாங்கிடுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி வாங்கிக்கலாம்னு விடாதீங்க. ஒரு பிரச்சினை ஊருக்கே தெரிஞ்சதுக்கப்புறம் வாங்கினா அந்தப் பிரச்சினைக்கு பணம் தரமாட்டாங்க, 2020ல நிறைய பேர் அடிபட்டது இதுலதான். அம்மாவுக்கு மூட்டு வலினா அது பழைய வியாதினு தள்ளிடுவாங்களா, சேத்துப்பாங்களானு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

கை வரலனா முதல்ல பினாங்குக்கோ மலாக்காவுக்கோ ரெண்டு நாள் போயிட்டு வாங்க, முன்பணம் கட்டி, போயி, தங்கி, பத்திரமா திரும்பி வந்தோம்னு ஒரு தடவ நடந்தா பயம் தெளியும். ஆனா அதோட நிறுத்திடாதீங்க ஐயா. வெனிஸ்ல 400க்கு மேல பாலம் இருக்கு, முக்காவாசி படி ஏறி படி இறங்கறதுதான், பெரிய கால்வாய்ல ஓடுற படகு பஸ்ஸ பிடிச்சா பாதி நடை மிச்சம். அது நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல, லிப்ட் இருக்கற ஹோட்டலா பாருங்க, நம்ம சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசாவும் வேணாம். குளிர்ல மூட்டு இறுகும், அதனால மே மாசத்துக்கு வைங்க. இந்த வாரமே அம்மாவ மூட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறலாம்னு கேட்டுக்குங்க.